கட்டிதட்டிய சோளமும் கம்பியோடு இறங்கும் ஆளும்

பெங்களூருக்கு வெளியே ஹொசகோட்டே, தொட்டபள்ளாபுரம் பக்கத்துத் தீவன ஆலைகளில் பாதுகாப்பு ஆய்வு செய்வது என் தொழில். அங்கே லாரி இறக்குவதிலும் சைலோ, அதாவது தானியம் சேமிக்கும் உயரமான தகரக் கூட்டு வேலையிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக்காரர்கள் உண்டு. அவர்களுக்கும் அவர்களை அழைத்து வரும் மேஸ்திரிகளுக்கும் சொல்ல வேண்டியது இது.

சைலோவுக்குள் ஆள் சிக்கினால் எல்லோரும் அன்றைய கவனக்குறைவைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அந்த விபத்து பல வாரங்களுக்கு முன்பு, லாரி எடைமேடையில் நின்றபோதே தொடங்கிவிட்டது. தாவணகெரே, ஹாவேரிப் பக்கத்து மக்காச்சோளம் அக்டோபர், நவம்பரில் மழையோடு மழையாக வந்து சேரும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய சரக்கையும், விலை சல்லிசு என்பதற்காக ஏற்றிக்கொள்கிறார்கள். உள்ளே போனால் காய்ந்துவிடும் என்று சமாதானம் வேறு. தகரக் கூட்டுக்குள் எங்கே காய்வது? வேர்க்கும், பூசணம் பிடிக்கும், கட்டிதட்டும்.

கட்டி சில நேரம், அடியில் சரக்கை வெளியே எடுக்கும் கீழ்வாயை அடைக்கும். சில நேரம் மேற்பரப்பே பாளமாக இறுகிவிடும். இது இன்னும் பொல்லாதது. கீழே எடுக்க எடுக்க, மேலே நடுவில் புனல் போலக் குழி விழ வேண்டும். டன் கணக்கில் எடுத்த பிறகும் பரப்பு சமமாகவே இருந்தால் அடியில் வெற்றிடம் என்று அர்த்தம். மேலிருந்து பார்த்தால் நல்ல தரை. ஓரங்களில் சாம்பல் பச்சைப் பூசணமும் ஒரு புளித்த வாடையும் இருக்கலாம், அவ்வளவுதான். “ஐந்து நிமிட வேலைதானே சார்” என்று கட்டியை உடைக்கக் கம்பியோடு ஒருவர் கால் வைக்கிறார். பாளம் உடைகிறது.

கீழ்வாய் திறந்து சோளம் ஓடிக்கொண்டிருந்தால் நான்கைந்து நொடியில் கால் சிக்கிவிடும், அரை நிமிடத்துக்குள் தலை மறைந்துவிடும். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கிய இடத்தைச் சோளம் நிரப்பிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரியாது. முழுவதும் மூழ்கியவரை மேலே இழுக்கச் சுமார் 400 கிலோ விசை வேண்டும். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்புக்குத்தான் சேதம்.

காற்றும் நம்பத் தக்கதல்ல. பூசணம் பிடித்த தானியம் ஆக்சிஜனைக் குடித்துக் கரியமில வாயுவை விடும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்று மீட்டர் காட்டினால் இறங்கக் கூடாது. வண்டுக்குப் போடும் 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒவ்வொன்றும் 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவைத் தரும். அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அதன் பூண்டு வாடை வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வெளியே நிற்பவர்களும் தப்பியவர்கள் அல்லர். 2023 டிசம்பரில் விஜயபுராவில் ஓர் ஆலையின் சேமிப்புக் கட்டமைப்பு சரிந்து, மக்காச்சோளத்தின் அடியில் பீகார்த் தொழிலாளர்கள் ஏழு பேர் மாண்டார்கள்.

உள்ளே இறங்குபவருக்கு இடுப்புப் பட்டை, அதில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையை வெளியே பிடித்து நிற்க ஓர் ஆள் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே எழுதி வைத்தது. நான் பார்க்கும் இடங்களில் பட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலுவலக அலமாரியில் தொங்குகிறது. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். இறங்குபவருக்குத் தெரிந்ததோ தமிழோ ஒடியாவோ. கீழ்வாய் மோட்டாருக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் இறங்க வேண்டாம். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

ஆள் சிக்கிவிட்டால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று இரண்டாமவர் குதிக்க வேண்டாம். 112ஐ அழைத்து, சைலோவில் ஆள் புதைந்திருக்கிறார், தகரம் வெட்டும் கருவி வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். சிக்கியவரைச் சுற்றிப் பலகை இறக்கி உள்ளிருக்கும் சோளத்தை அள்ளுவதும், சுவரில் எதிரெதிரே துளையிட்டுச் சரக்கை வடிப்பதும் தீயணைப்புப் படையின் வேலை. அவசரத்தில் நீங்களே கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தானியத் தூசி தீப்பிடிக்கும்.