சோலைக் குருவிக் கூடுகள்: நெருங்காமல் கணக்கெடுப்பது எப்படி?

நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் குருவிகள் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும். "ஒரு கூடு கண்டுபிடிச்சிருக்கேன், தினமும் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று இந்தப் பருவத்தில் யாராவது ஆசையாகச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "எந்த வழியாகப் போகிறீர்கள்?" என்பதுதான். ஆள் நடந்து மிதிபட்ட தடம் கூட்டுக்கு நேராகப் போய் முடிந்தால், கீரிக்கும் மரநாய்க்கும் நாமே வழி காட்டிவிடுகிறோம். அண்டங்காக்கையும் செண்பகப் பறவையும் நாம் எங்கே நின்று எட்டிப் பார்க்கிறோம் என்பதை மேலிருந்து கவனிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கூடு தேடிக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. கீழே சொல்பவற்றில் பாதி அனுமதி பெற்ற குழுக்களுக்கு. மீதி, பொதுப்பாதையில் நின்று பார்க்கும் எவருக்கும் பயன்படும்.

புதரை விலக்கிக் கூடு தேடுவது மோசமான முறை. விலக்கிய கிளை பழையபடி மூடாது. வெயிலும் மழையும் நேராகக் கூட்டில் விழும். தாய் தந்தைப் பறவைகளைக் கவனித்தால் போதும், கூடு இருக்கும் இடத்தை அவையே சொல்லிவிடும். அலகில் பாசியோ நாரோ இருந்தால் கூடு கட்டுகிறது. புழுவையோ பூச்சியையோ விழுங்காமல் கவ்விக்கொண்டு ஒரே கிளையில் தயங்கி நின்றால், குஞ்சு பொரித்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டிலிருந்து கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். அது மலப்பை. குஞ்சின் எச்சம் மெல்லிய சவ்வுக்குள் பொட்டலம் கட்டியதுபோல வெளிவரும். தாய் அதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும், சிலசமயம் தின்றும்விடும். ஆண் பாடுவதை மட்டும் வைத்துக் கூட்டைக் கணக்குப் போட வேண்டாம். இணை கிடைக்காத ஆண்தான் பல இனங்களில் விடாமல் பாடும்.

சோலைக்கிளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில்தான் கிளி, ஆள் என்னவோ தரையோரம் இரை தேடும் நீலக் குருவி. நீலகிரியில் ஓர் இனம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் வேறோர் இனம். மண்மேட்டுப் பொந்திலோ பட்டுப்போன மரத்தின் குழியிலோ, ஏறக்குறைய இடுப்புயரத்தில், பாசியும் வேர்நாரும் வைத்துக் கட்டும். பாதை வெட்டிய மேடும் அதற்குப் பிடிக்கும். அதனால் காட்டுப்பாதையைச் சுத்தம் செய்பவரின் மண்வெட்டியே அதற்கு ஆபத்தாகிவிடும். பாதையோர வேலையை ஜூன் தாண்டி வைத்துக்கொண்டால் பல கூடுகள் பிழைக்கும்.

கூடு தெரிந்துவிட்டால் அடையாள ரிப்பனை அதன்மேல் கட்டாதீர்கள். பத்து மீட்டராவது தள்ளி, பாதையோரத்தில் கட்டிவிட்டு, "ரிப்பனிலிருந்து வடகிழக்கே 14 தப்படி, பெரணிப் புதர், உயரம் 80 செ.மீ." என்று நோட்டில் எழுதுங்கள். பார்க்கப் போவது மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். ஒரு பக்கமாகப் போய் நிற்காமல் கூட்டைக் கடந்து மறுபக்கமாக வெளியேறுங்கள். அடுத்த முறை வேறு வழி. கூட்டருகே ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. நீட்டும் கம்பியின் நுனியில் சின்னக் கண்ணாடியைக் கட்டிக் காட்டினால் முட்டை எத்தனை என்று தெரிந்துவிடும். தாய் அடைகாத்துக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்து "தாய் கூட்டில்" என்று எழுதினால் அதுவும் முழுப் பதிவுதான். மழையிலும், ஊட்டிக் குளிர் விலகாத விடியற்காலையிலும் போகவே கூடாது. தாய் எழுந்த சில நிமிடத்தில் முட்டை ஆறிவிடும். காக்கை கண்ணில் பட்டால் நடையைத் தொடர்ந்து அப்படியே போய்விடுங்கள்.

குஞ்சின் வயதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிறு பாடும் பறவைகளில் பொரித்த சுமார் ஐந்தாறு நாளில் கண் திறக்கும். பிறகு ஊசிபோல் இருக்கும் இறகு உறைகள் நுனியில் வெடித்துத் தூரிகைபோல விரியும். இந்தக் கட்டத்துக்குப் பிறகு கிட்டே போகாதீர்கள். பயந்த குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே கீழே குதித்துவிடும். திரும்ப எடுத்து வைத்தாலும் மறுபடி குதிக்கும்.

இனி கணக்கு. இருபது கூடு பார்த்தோம், எட்டில் குஞ்சு வெளியேறியது, ஆகவே 40 சதவீத வெற்றி என்று எழுதுவது தப்பு. கட்டிய இரண்டாம் நாளே பாம்பு விழுங்கிய கூடுகள் நம் கண்ணிலேயே படுவதில்லை. ஏற்கெனவே பாதிக் காலம் பிழைத்த கூடுகளைத்தான் அதிகம் காண்கிறோம். அமெரிக்காவின் மிச்சிகனில் கிர்ட்லாண்டு கதிர்க்குருவியை ஆராய்ந்த ஹெரால்டு மேஃபீல்டு 1961-இல் இதற்கு எளிய வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதே, கூடு பிழைத்திருந்த நாட்களை எண்ணு.

ஒரு கூட்டில் ஏப்ரல் 4-ஆம் தேதி இரண்டு முட்டை, 8-ஆம் தேதியும் இரண்டு, 12-ஆம் தேதி காலி என்றால், முதல் இடைவெளிக்கு நான்கு நாள். அழிந்த தேதி தெரியாததால் அடுத்த இடைவெளியில் பாதி, இரண்டு நாள். மொத்தம் ஆறு நாள், ஓர் அழிவு. இப்படி அந்த இருபது கூடும் சேர்ந்து 300 நாள், அழிவு 12 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 4 சதவீதம், பிழைக்கும் வாய்ப்பு 0.96. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளியேற 27 நாள் ஆகுமென்றால் 0.96-ஐ 27 முறை பெருக்க வேண்டும். வருவது 33 சதவீதம். நாற்பதுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அருகிவரும் இனத்துக்குச் சின்ன விஷயமில்லை. "போனேன், மாற்றமில்லை" என்ற வரியையும் தேதியோடு எழுதச் சொல்வது இதற்காகத்தான். அந்த வரிகள் இல்லாத நோட்டில் எவ்வளவு நல்ல படங்கள் இருந்தாலும் கணக்குக்கு உதவாது.

படம் என்றதும் இன்னொன்று. கூட்டுப் படத்தை இடத்தோடு பகிர்ந்தால் அடுத்த வாரம் பத்து கேமரா அங்கே நிற்கும். பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இந்தப் பருவத்தில் வேண்டாம்; ஆண் எல்லையைக் காக்க ஓடிவரும் நேரத்தில் குஞ்சு பட்டினி கிடக்கும். பாதையிலிருந்து கண்டதை 'இரை சுமக்கிறது', 'மலப்பை சுமக்கிறது' என்று இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளப் பட்டியலின் இனப்பெருக்கக் குறியீட்டில் சேர்த்தாலே நல்ல தரவு கிடைக்கும்.

காலிக் கூட்டில் ஏமாறுபவர்கள் அதிகம். குஞ்சு வளர்ந்து வெளியேறிய கூட்டின் விளிம்பு தட்டையாகி அகன்றிருக்கும். அடியில் இறகு உறையின் பொடி உதிர்ந்து கிடக்கும். கொள்ளை போன கூட்டில் உட்பஞ்சு பிய்ந்து மேலே வந்திருக்கும், அல்லது கிண்ணம் சாய்ந்திருக்கும். பாம்பு பெரும்பாலும் ஒரு தடயமும் விடாது, கூடு புதிதுபோலவே இருக்கும். அதனால் சுத்தமாகக் காலியாயிருக்கும் கூட்டைக் கண்டதும் 'வெற்றி' என்று எழுதாமல், வெளியேறும் வயது வந்ததா என்று தேதியைச் சரிபாருங்கள். பிறகு இருபது மீட்டர் தள்ளி அரை மணி நேரம் உட்காருங்கள். தாய் இரையோடு வருகிறதா, புதருக்குள் குஞ்சு கத்துகிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் 'முடிவு தெரியவில்லை' என்று எழுதுங்கள்.