குடி வேறானால் போதுமா?

படுவான்கரையிலிருந்து ஒரு தாய் தன் 16 வயது மகனைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). இரண்டு கண்ணிலும் வெண்புரை. தாத்தாமாருக்கு வருவது பொடியனுக்கு வந்தால் கண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிட முடியாது.

"சின்னதில வயிறு எப்படி?"

"எந்த நாளும் வயித்தோட்டம்தான் டொக்டர். பல்லு முளைக்குது, கண்ணூறு எண்டு என்னென்னவோ செய்தம்."

செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிக்காலுக்கு மேலே தடவினேன். இரு பக்கமும் நாண் தடித்துக் கிடந்தது. கொலஸ்ரோல் ரிப்போர்ட்டோ நோமல்.

அந்த நோமல்தான் ஏமாற்றும். சின்ன வயதில் வெண்புரை, ஓயாத வயிற்றோட்டம், தடித்த நாண் மூன்றும் சேர்ந்தால் செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ் என்ற பரம்பரை நோயை நினைக்க வேண்டும். ஈரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிராம் கொலஸ்ரோலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. பல நொதியங்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்யும் வேலை அது. அவற்றில் ஒன்றுக்கான பரம்பரையலகு, சிப்27ஏ1, இரண்டாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் பழுதானால் கீனோடிஒக்சிகோலிக் அமிலம் மிகக் குறைவாகவே உருவாகும். ஈரலுக்குப் 'போதும்' என்று சொல்வதே அந்த அமிலம்தான். சொல்ல ஆளில்லாமல் ஈரல் முதற்படியை ஓயாமல் செய்துகொண்டிருக்க, பாதியில் நின்ற பொருட்கள் கொலஸ்ரனோல் என்ற வேறொரு கொழுப்பாகி நாணிலும் மூளையிலும் படிகின்றன. அதைத் தனியே அளந்தால்தான் தெரியும்.

"கலியாணம் சொந்தத்திலயா?"

"மாமாட மகன்தான். ஆனா குடி வேறதானே டொக்டர்."

மட்டக்களப்பில் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. இங்கே குடி என்பது தாய்வழியில் வரும் குலம். மாமாவின் பிள்ளைக்கு மாமியின் குடி வந்துவிடும், கணக்கில் பிறத்தி. ஆனால் அந்த மாமாவும் இந்தத் தாயின் அம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடம் பழுதுப் பிரதி இருந்திருந்தால், அது குடியைக் கேட்டா இறங்கும்? ஒரு பிரதி மட்டும் பழுதானவர் சுகமாகவே இருப்பார். தாய் தகப்பன் இருவருமே அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு. மச்சான் மச்சாள் கலியாணத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கின்றன; குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. டொக்டர் கேட்டால் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இல்லாத அந்த அமிலத்தையே மருந்தாகக் கொடுக்கலாம், கொலஸ்ரனோல் இறங்கும். பிந்தினால் நடை தள்ளாடும், புத்தி மங்கும். கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாது.

தங்கச்சிக்கும் இரத்தம் எடுத்தோம். அவளுக்கு 8 வயது. கண் இன்னும் தெளிவாக இருக்கிறது.