சூத்திரதாரி: நூல் யார் கையில்?

குண்டுவெடிப்பானாலும் வங்கி மோசடியானாலும் ‘பிரதான சூத்திரதாரி யார்?’ என்ற கேள்வி செய்தியில் வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ் ஊடகங்களில் இச்சொல்லுக்குப் புழக்கம் அதிகம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. முகம் காட்டாமல் ஆட்டுவிப்பவர் என்பது இன்றைய பொருள். நாடக மேடையில் பிறந்த சூத்திரதாரியோ முதல் ஆளாக முகம் காட்டியவர்.

சூத்திரம் என்றால் நூல், கயிறு. தாரி என்றால் தரித்திருப்பவர். சமஸ்கிருத நாடகக் குழுவின் தலைவருக்கு இது பெயர். நாந்தி வாழ்த்து முடிந்ததும் அவர் பேசுவார். நாடகத்தை அறிமுகப்படுத்திவிட்டு விலகிக்கொள்வார். மர்மமெல்லாம் கிடையாது, வேடிக்கைதான் உண்டு. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் நடியை, அதாவது குழுவின் நடிகையை, கோடைக்காலப் பாட்டொன்று பாடச் சொல்லி, அதில் சொக்கிப்போய், எந்த நாடகம் போட வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறார். நடி நினைவூட்டியதும், மான் இழுத்துவந்த துஷ்யந்தனைப் போல உன் பாட்டு என்னை இழுத்துவிட்டது என்று சமாளிக்கிறார். அடுத்த நொடி துஷ்யந்தனின் தேர் மேடைக்கு வருகிறது. மிருச்சகடிகம் என்ற நாடகத்தில் சூத்திரதாரி பசியோடு வீடு திரும்புகிறார். மனைவியோ அடுத்த பிறவியில் அழகான கணவன் வேண்டி விரதம் இருக்கிறாள்!

எந்த நூலை அவர் பிடித்திருந்தார் என்பதில் வழக்கு உண்டு. பொம்மலாட்டக் கயிறு என்றார் ஜெர்மானிய அறிஞர் பிஷல். அரங்கு கட்ட நிலம் அளக்கும் நூல் என்பது மற்றொரு கட்சி. கட்டடக் கலைஞருக்கும் தச்சருக்கும் இதே பெயர் வழங்கியிருக்கிறது. எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. ஆனால் இன்றைய பொருளுக்கு வழி திறந்தது பொம்மைக் கயிறாகத்தான் இருக்கவேண்டும். ‘மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று’ என்று வள்ளுவரே அந்தக் கயிற்றைக் காட்டியிருக்கிறார் (குறள் 1020).

தமிழில் எப்படிச் சொல்வது? கட்டியங்காரன் என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் பொருந்தும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களை வரவேற்பான், வம்புக்கு இழுப்பான், சிரிக்கவைப்பான். குழுவுக்குத் தலைவன் என்ற பொறுப்பு அந்த வேடத்துக்கு இல்லை. நெருங்கிய சொல் ஈழத்துக் கூத்தில் இருக்கிறது: அண்ணாவியார். ஆட்டமும் பாட்டும் பழக்கி, அரங்கேற்றத்தன்று மத்தளத்தோடு களரியிலேயே (கூத்தாடும் அரங்கிலேயே) நின்று கூத்தை நடத்துபவர் அவர். நாடகத்தைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லையே தாராளமாகக் கையாளலாம்.

குற்றச் செய்திக்கு அது பொருந்தாது. எந்த அண்ணாவியாரும் ஒப்பமாட்டார். அங்கே ‘மூளையாகச் செயல்பட்டவர்’ என்பது ஆங்கில வாடை வீசுகிறது. ‘பின்னின்று இயக்கியவர்’ என்பதே போதும். திட்டம் மட்டும் தீட்டியவர் என்றால் ‘சதியைத் தீட்டியவர்’ என்று எழுதலாம்.