ஸ்கில் கேப்: இடைவெளியா, குறைவா, தட்டுப்பாடா?

நிறுவனங்களிடம் கேட்பதற்கான கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தது. வேலைக்கு வேண்டிய தேர்ச்சி ஊழியரிடம் இன்னும் முழுதாக இல்லாததைக் குறிக்கும் ‘ஸ்கில் கேப்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘திறன் இடைவெளி’ என்று போட்டுக்கொண்டே போனேன். அச்சுக்குப் போகுமுன் வாசித்துக் காட்டிப் பார்க்கலாமென்று, பட்டறை நடத்தும் ஒருவரிடம் “உங்கள் ஊழியர்களிடம் திறன் இடைவெளி உள்ளதா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “ஆமா சார், மூணு மாசமா டிக் வெல்டிங் தெரிஞ்ச ஆள் தேடுறேன். ஒருத்தரும் சிக்கல” என்றார். நான் கேட்டது அவரிடம் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களைப் பற்றி. அவர் சொன்னது இன்னும் வந்து சேராத ஆளைப் பற்றி. தப்பு அவர் மேல் இல்லை, நான் போட்ட சொல் மேல்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களுமே வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவை. ‘ஸ்கில்’ பழைய நோர்ஸ் மொழியின் ‘ஸ்கில்’ என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேறுபாடு, பகுத்தறிதல் என்று பொருள். கைவேலையில் தேர்ச்சி என்ற பொருள் பிறகு ஏறியது. நம் ‘திறன்’ என்பதும் ஏறக்குறைய இதே பாதையில் வந்திருப்பது வேடிக்கைதான். அறம் அறன் ஆவதுபோலத் திறம் திறன் ஆயிற்று, கடைப்போலி. அந்தத் ‘திறம்’ என்பதற்கு ஆற்றல் என்பதோடு வகை, கூறுபாடு என்ற பொருளும் உண்டு. ‘இத்திறத்தார்’ என்றால் இவ்வகையினர். ‘திறனறிந்து சொல்லுக சொல்லை’ என்ற குறளிலும் கெட்டிக்காரத்தனம் பேசப்படவில்லை. கேட்பவரின் தன்மையை அறிந்து பேசு என்பதே அங்கே செய்தி.

இதனால்தான் ஆய்வுக் கேள்வியில் ‘திறமை’ என்று எழுதக் கூடாது என்கிறேன். திறமை பாராட்டுச் சொல். ‘உங்கள் ஆட்களுக்குத் திறமை இருக்கிறதா?’ என்று கேட்டால் எந்த நிர்வாகியும் தன் ஆட்களை விட்டுக்கொடுக்கமாட்டார். திறனைக் கூறு கூறாகப் பிரிக்கலாம், எண்ணலாம்: கணக்கு எழுதுவது ஒரு திறன், வாடிக்கையாளரிடம் பேசுவது இன்னொன்று.

‘கேப்’ என்பதும் நோர்ஸ்தான், பிளவு என்று பொருள். ஆங்கிலத்தில் சுவரிலோ வேலியிலோ விழுந்த திறப்பைக் குறிக்கத் தொடங்கியது. ஒரே பரப்பில் ஓட்டை விழுந்தாலும் அது ‘கேப்’தான். தமிழ் ‘இடைவெளி’க்கு அது போதாது, இரண்டு கரை வேண்டும். தலைமுறை இடைவெளி என்றால் இரண்டு தலைமுறையும் கண்ணுக்குத் தெரிகின்றன. திறன் இடைவெளியில் ஒரு கரை ஊழியர், மறு கரை எது? அந்த வேலைக்குத் தேவையான தேர்ச்சி என்பது ஆய்வு வகுத்தவருக்குத் தெரியும். பதில் சொல்பவர் தனக்குத் தோன்றிய கரையைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்.

அவர் எதைப் போட்டு நிரப்புகிறார் என்பதைப் பொறுத்து எண்ணே மாறிவிடும். இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டனின் பகுதிகளில் 2011 முதல் நிறுவனங்களிடம் பெரிய அளவில் திறன் ஆய்வு நடக்கிறது. 2022-ல் 70,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டார்கள். காலியிடங்களில் 36 விழுக்காடு, விண்ணப்பிப்பவர்களிடம் தேவையான திறனோ தகுதியோ அனுபவமோ இல்லாததால் நிரப்பக் கடினமானவை. 2017-ல் இது 22 விழுக்காடாக இருந்தது. அதே 2022 ஆய்வில், வேலையில் இருப்பவர்களுள் முழுத் தேர்ச்சி பெறாதவர்கள் 5.7 விழுக்காடுதான். முன்னது வாசலுக்கு வெளியே, காலியிடங்களின் கணக்கு. பின்னது வாசலுக்கு உள்ளே, ஆட்களின் கணக்கு. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஸ்கில் ஷார்ட்டேஜ்’, பின்னதற்கு ‘ஸ்கில் கேப்’. தமிழில் இரண்டையும் ‘திறன் இடைவெளி’ என்று எழுதிவிட்டால் 36-ம் 5.7-ம் ஒன்றோடொன்று மோதும்.

வெளியே இருப்பதற்கு ‘திறனாளர் தட்டுப்பாடு’ என்பது என் தேர்வு. தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் தேடியும் கிடைக்கவில்லை என்று யாருக்கும் புரிகிறது, அதே புரிதல் இங்கேயும் வரும். கிடைக்காதது ஆள் என்பதால் ‘திறனாளர்’. உள்ளே இருப்பதற்குத் ‘திறன் குறைவு’. ‘திறன் குறைபாடு’ என்றும் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்று பழகிய காதுக்கு அது நோய்ப் பெயராக ஒலிக்கிறது. போன வாரம் சேர்ந்த பையனுக்கு இன்னும் பில் போட வரவில்லை என்றால் அது குறைபாடா என்ன?

மருந்தும் வேறு வேறு. தட்டுப்பாடு என்றால் பேச்சு ஆட்சேர்ப்பு, சம்பளம், வேலை நேரம் என்று போகும். குறைவு என்றால் பயிற்சி. ‘பயில்’ என்பதற்கே திரும்பத் திரும்ப நிகழ்தல், அடர்தல் என்ற பொருளும் உண்டு. அரை நாள் வகுப்பில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் ‘பயிற்சி அளித்தோம்’ என்று பெட்டியில் டிக் அடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை.

இன்னொரு சொல் பாக்கி: ‘எம்ப்ளாயர்’. முதலாளி என்றால் முதல் போட்டவர். கேள்விக்குப் பதில் சொல்பவரோ பெரும்பாலும் சம்பளம் வாங்கும் மனிதவள மேலாளர். ‘வேலையளிப்போர்’ என்றே வைத்தேன்.

திருத்திய தாளோடு அதே பட்டறைக்காரரிடம் போனேன். “இப்போது உங்களிடம் வேலை பார்க்கிறவர்களில், தன் வேலையை இன்னும் முழுத் தேர்ச்சியோடு செய்ய முடியாதவர்கள் எத்தனை பேர்?” சொல்லையே விட்டுவிட்டு விளக்கத்தைக் கேள்வியாக்கியிருந்தேன். இந்த முறை யோசிக்கவில்லை.

“எட்டுப் பேர்ல ரெண்டு பேர் சார். இரும்புன்னா பிரமாதமா பண்ணுவாங்க. அலுமினியத்துக்கு இன்னும் கை வரல.”