ஸ்மோலாந்துச் சட்டத்தில் தேவாலயப் பகுதி மட்டும் ஏன் மிஞ்சியது?

இடைக்காலச் சுவீடனில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சட்டம். அதை மனப்பாடமாக வைத்திருந்து, 'திங்' என்ற பேரவையில் ஓதுவது லாக்மன் என்ற சட்டத் தலைவரின் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டு முதல்தான் இச்சட்டங்கள் தோல் ஏடுகளில் ஏறின. பிரிகெர் பெர்சன் தலைமையில் தொகுத்த உப்லாந்துச் சட்டத்துக்கு 1296 ஜனவரி 2 அன்று மன்னர் பிரிகெர் ஒப்புதல் தந்தார். தேவாலயம், அரசன், வாரிசுரிமை, கொலையும் காயமும், நிலம், வாணிகம், ஊர் வாழ்வு, வழக்கு நடைமுறை என அதில் எட்டுப் பகுதிகள்.

எது பிழைக்கும் என்பதை இந்தப் பிரிவினைதான் பெரிதும் முடிவு செய்தது. 1350 வாக்கில் மன்னர் மாக்னுஸ் எரிக்சன் காலத்தில் நாட்டுப்புறம் முழுமைக்கும் பொதுச் சட்டம் வந்தது. பாதிரிமார் எதிர்த்ததால் அதில் தேவாலயப் பகுதி இல்லை. எனவே மாகாணச் சட்டங்களின் மற்றப் பகுதிகள் மெல்ல வழக்கொழிய, தேவாலயப் பகுதிக்கு மட்டும் தேவை நீடித்தது. தோலும் படியெடுப்பவர் கூலியும் மலிவல்ல; மன்றத்தில் செல்லாத சட்டத்தை யார் காசு கொடுத்துப் படியெடுப்பார்கள்? ஸ்மோலாந்து மாகாணச் சட்டத்தில் இன்று இருப்பது அந்த ஒரு பகுதிதான். நெர்க்கே மாகாணச் சட்டத்தின் ஏடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சிய ஏட்டின் வயதும் சட்டத்தின் வயதும் ஒன்றல்ல. வெஸ்தர்யோத்லாந்து மாகாணத்தின் பழைய சட்டம் 1220களைச் சேர்ந்தது. ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் 'பி 59' என்ற எண்ணில் உள்ள அதன் ஏடு ஏறக்குறைய 1280களைச் சேர்ந்தது. வயதைக் கணிக்க எழுத்தின் வடிவம் உதவும். 'தோர்ன்' எனும் பழைய எழுத்து 1375 வாக்கில் சுவீடிய ஏடுகளிலிருந்து மறைந்ததால், அது தாராளமாக வந்தால் ஏடு பெரும்பாலும் அதற்கு முந்தியது.

படியெடுப்பவரைச் சறுக்க வைப்பது சட்டத்தின் நடையேதான். விதிகள் பல ஒரே சொல்லில் தொடங்கும். மூலத்தைவிட்டு மைக்கூட்டுக்குப் போன கண், திரும்பும்போது அதே சொல் உள்ள அடுத்த விதியில் விழும். இடையில் ஒரு விதி காணாமல் போகும். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்பதால் வாசிப்பவருக்கும் தெரியாது. ஏடுகள் பல இருந்தால் ஒப்பிட்டுப் பிடிக்கலாம். 1827 முதல் 1877 வரை வெளிவந்த, பழைய சுவீடியச் சட்டங்களின் 13 தொகுதிப் பதிப்பில், கொலின் என்பவருடன் தொடங்கிப் பின் பெரும்பகுதியைத் தனியே முடித்த சட்ட அறிஞர் ஷ்லூட்டர் செய்தது இந்த வேலைதான். ஆனால் பழைய வெஸ்தர்யோத்லாந்துச் சட்டத்துக்கு முழு ஏடு 'பி 59' ஒன்றே. அதைவிடப் பழையது சிறு துண்டாகவே கிடைக்கிறது. அதே மாகாணத்தின் பிந்தைய சட்டத்தோடு ஒப்பிடலாம் என்றால், அது திருத்தி எழுதப்பட்டது. ஒரு விதி ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையெனில், கை தவறியதா, சட்டமே மாறியதா என்று ஏட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.