டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஏறாத காயம்

அந்த ஓய்வு பெற்ற சிப்பாய் என்னிடம் வந்தது பதக்கத்துக்காக இல்லை. இராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் மனைவியின் பெயர் ஓரெழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. அதைத் திருத்த மனு எழுதித் தர வேண்டும் என்று வேலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். நான் இராணுவப் பணி, ஓய்வூதிய வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர். என் அப்பா பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது படை தரும் பணிப்பதிவான டிஸ்சார்ஜ் புத்தகத்தை யார் கொடுத்தாலும் முதலில் பதக்கப் பக்கத்தைப் பார், ஒருவன் எங்கெங்கே போய் வந்தான் என்பது அங்கேதான் தெரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அந்தப் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. சைன்ய சேவா மெடல், விதேஷ் சேவா மெடல், ஒன்பதாண்டு நீண்ட சேவை மெடல், சுதந்திரப் பொன்விழா மெடல். விதேஷ் சேவா என்றால் வெளிநாட்டில் பணி செய்தவர்.

"எந்த நாடுங்க ஐயா?"

"சிலோன்."

உட்கார்ந்ததிலிருந்து இடது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தார். கால் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அங்க பட்டதுதாம்மா. கண்ணிவெடி. சில்லு இன்னும் உள்ளதான் இருக்குது. முட்டி வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாங்க. இதைச் சொன்னதும் எடுக்க முடியாதுன்னு எக்ஸ்ரே மட்டும் எடுத்து அனுப்பிட்டாங்க."

பையிலிருந்து அந்த எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தொடை எலும்புக்குப் பக்கத்தில் அரிசி நொய் அளவில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். அவர் காயம்பட்டார் என்பதற்கான குறிப்பு எங்குமே இல்லை. ஓய்வூதியக் கோப்பில் இருபது சதவீத ஊனம் என்று இருந்தது, காரணம் என்ற இடத்தில் 'பணியின்போது காயம்' என்று மட்டும் இருந்தது.

எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயம்பட்ட வீரருக்குத் தரப்படுவது பராக்கிரம பதக்கம். பட்டாளத்துக்காரர்கள் 'வூண்ட் மெடல்' என்பார்கள். வெள்ளை நாடாவின் நடுவே சிவப்புக் கோடு. 1973-இல் ஏற்படுத்தப்பட்டது. முழுப் போராக இருக்க வேண்டும் என்பதில்லை, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளும் இதில் அடங்கும். வீர் சக்ரா போல இதற்கு யாரும் சாகசம் நிரூபிக்க வேண்டாம். காயம் எதிரியால் பட்டது என்பது பதிவில் இருந்தால் போதும். சிக்கலும் அந்தப் பதிவில்தான்.

படையில் ஒருவருக்கு எது நடந்தாலும், கல்யாணம், குழந்தை, லீவு, தண்டனை, ஆஸ்பத்திரி எதுவானாலும், யூனிட் வெளியிடும் 'பார்ட் டூ ஆர்டர்' வழியாகத்தான் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே ஏறாதது நடக்காததற்குச் சமம். இவர் 1988-இல் முல்லைத்தீவுக் காட்டுப் பகுதியில் ரோந்து போனபோது அடிபட்டவர். வவுனியா வழியாகச் சென்னை இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்து ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். குணமானதும் வேறு கம்பெனிக்குப் போட்டுவிட்டார்கள். பழைய யூனிட் அதற்குள் இடம் மாறிவிட்டது. 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்' என்ற உத்தரவு வெளியானது. 'பேட்டில் கேஷுவாலிட்டி', அதாவது போரில் காயம்பட்டவர் என்று வெளியாக வேண்டிய உத்தரவு வெளியாகவே இல்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்ததாக நான் நினைக்கவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் ஒரு கிளார்க்கின் மேசையில் தவறிப்போன ஒரு தாள், அவ்வளவுதான். அந்த ஒரு தாளால் 2001-இல் ஓய்வு பெறும்போது அவருக்குப் பதக்கமும் வரவில்லை, போர்க்காய ஓய்வூதியமும் வரவில்லை.

பதக்கம் போனால் போகட்டும், அது வெறும் உலோகம் என்று சொல்பவர்களுக்காக இந்தக் கணக்கை எழுதுகிறேன். பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 தேதியிட்ட கடிதம் ஊனத்தை 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பணியால் ஏற்பட்ட சாதாரண ஊனத்துக்கு நூறு சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். எதிரித் தாக்குதல், வெளிநாட்டு அமைதிப்படைப் பணி, கண்ணிவெடி, அரசு அறிவித்த இராணுவ நடவடிக்கை எல்லாம் 'இ' வகை. பணிக்காலம் முடித்து வெளியே வந்தவருக்கு அந்த வகையில் கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். சரிபாதிக்குச் சரிபாதி வித்தியாசம். உதாரணத்துக்கு, சம்பளம் 30,000 ரூபாய், இருபது சதவீத ஊனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளதை ஐம்பதாகக் கணக்கிட வேண்டும் என்பதை, பணிக்காலம் முடித்தவர்களுக்கும் சேர்த்து, உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உறுதிசெய்தது. அப்படியானால் சாதாரண ஊனத்துக்கு மாதம் 4,500, போர்க்காயத்துக்கு 9,000. அகவிலைப்படி தனி. 21.9.2023-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் புதிய விதிகள் பொருந்தும், அவர்கள் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"இருபது வருஷமா ஏன் கேக்கல ஐயா?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"சிலோன்ல நம்ம ஜனங்க ஊர்ல போயி அடிபட்டு வந்தேன்னு இங்க யார்கிட்டம்மா சொல்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1990 மார்ச்சில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகம் வந்தபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை இருந்த காலத்தில் ஈழத் தமிழர்கள் பட்டதும் உண்மை, உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன ஒரு தமிழ்ச் சிப்பாய் காலில் இரும்போடு திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டதும் உண்மை. தமிழ்நாட்டில் இவரைப் போல அந்தப் பதிவைக் கேட்காமலே விட்டவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

முதல் மனுவை ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினோம். இரண்டு மாதத்தில் பதில் வந்தது: இவர் போர்க் காயம் அடைந்ததாக எங்களிடம் ஆவணம் இல்லை.

இந்தப் பதிலைப் பார்த்ததும் பெரும்பாலானோர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். இது வழக்கின் தொடக்கம் என்று நான் சொல்வேன். அடுத்து நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தோடு, அவருடைய ஷீட் ரோல் (பணிப் பதிவேடு), பார்ட் டூ ஆர்டர்கள், மருத்துவ வாரிய நடவடிக்கைகள், காய அறிக்கை ஆகியவற்றின் நகலைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டோம். 'எல்லா ஆவணமும் தருக' என்று கேட்டால் எதுவும் வராது. மருத்துவ வாரியத் தாளில் மருத்துவர் தன் கையெழுத்தில் 'தொடையில் வெடிச்சில்லுக் காயம்' என்று எழுதியிருந்தார். எங்கே, யாரால் என்பது அதில் இல்லை. எக்ஸ்ரே உள்ளே இரும்பு இருப்பதைக் காட்டும், அது எந்த நாட்டுக் காட்டில் ஏறியது என்று சொல்லாது.

அவர் தன் பழைய தோழர் ஒருவரைப் பாலக்காட்டில் தேடிப் பிடித்தார். அதே ரோந்தில் நாலு பேர் தள்ளி நடந்தவர். பிரமாணப் பத்திரம் தரச் சம்மதித்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை. சொல்லிக்கொடுத்து எழுதியது என்று படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தான் நின்ற இடம், தான் கண்ணால் பார்த்தது, தன் எண், ரேங்க் இவ்வளவும் போதும். பாலக்காட்டுக்காரர் வெடித்ததைப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுப் படுத்துவிட்டார், எழுந்தபோது இவரைப் போர்வையில் போட்டுத் தூக்கினார். அப்படியே எழுதினோம்.

வழக்கைத் திருப்பியது இவை எதுவும் இல்லை. பிரமாணப் பத்திரத்துக்காகத் தேதி கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு மாதம்கூட நினைவில்லை. கூட வந்திருந்த மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை.

"மயானக் கொள்ளை அன்னிக்குத்தான் தந்தி வந்துச்சு வக்கீலம்மா. பாலாத்துப் பக்கம் பம்பைச் சத்தம். வாத்தியாரைக் கூட்டியாந்து படிக்கச் சொன்னோம்."

"அந்தத் தந்தி எங்கம்மா?"

"பொட்டியில இருக்குது."

மறுவாரம் கொண்டுவந்தார். தகரப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்ததால் மடிப்பில் மட்டும் கிழிந்திருந்தது. பழுப்புத் தாளில் ஒட்டிய வெள்ளைத் துண்டுகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்: எண், பெயர், எதிரி நடவடிக்கையில் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. 1988 பிப்ரவரித் தபால் முத்திரை. அனுப்பியது, 'எங்களிடம் ஆவணம் இல்லை' என்று எழுதிய அதே அலுவலகம். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன காகிதம் என்பதற்காகவே முப்பத்துச் சொச்சம் வருடம் வைத்திருந்தார்.

தந்தியின் நகலை இணைத்து அனுப்பிய இரண்டாவது மனுவுக்கு மறுப்பு வரவில்லை. திருத்த உத்தரவு வர ஏழு மாதம் ஆயிற்று, திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வர அதற்கு மேல் ஒரு வருடம். பதக்கம் பார்சலில் வந்தது. நிலுவைத் தொகை மனுச் செய்த தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைத்தது. தாமதமாக வரும் ஓய்வூதியக் கோரிக்கைகளுக்கு 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை அது. அதற்கு முந்தைய காலத்துப் பணம் போனது போனதுதான். இன்னும் கேட்காமல் இருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் இப்படிக் கழிந்துகொண்டிருக்கிறது.

எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் இருந்தபோது வண்டி கவிழ்ந்தது, கிரிக்கெட் ஆடி விழுந்தது போன்றவற்றுக்குப் பராக்கிரம பதக்கம் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் பணியில் இருந்தபோது பனிச்சரிவில் சிக்கியவர் நிலை வேறு. பதக்கம் கிடைக்காவிட்டாலும் அவர் காயத்தைப் போர்க் காயமாக வகைப்படுத்தக் கேட்க இடமிருக்கிறது.

மறுப்பு வந்தாலோ, ஆறு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. நேரே அங்கே ஓடக் கூடாது, முதலில் துறையிடம் கேட்டிருக்க வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும், உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள், அதற்குப் பணம் வேண்டாம். 'ரெக்கார்ட்ஸில் நம்ம ஆள் இருக்கார், பத்தாயிரம் கொடுங்க' என்று ஊருக்கு ஊர் சிலர் திரிகிறார்கள். அவர்களிடம் அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். அவர்களுடைய ஆவணங்கள் 25 ஆண்டுகளில் அழிக்கப்படுகின்றன, லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் உள்ள சில வரிகள்தான் மிஞ்சும்.

இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

காயம்பட்டவர் இறந்துவிட்டாலும் வாரிசு கேட்கலாம், பதக்கத்தையும், அவர் உயிரோடு இருந்த காலத்துக்கு வர வேண்டிய நிலுவையையும். போன மாதம் திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். கணவர் கார்கிலில் இருந்தவர், இறந்து ஆறு வருடமாகிறது. ஆப் விஜய் மெடல் புத்தகத்தில் இருக்கிறது, காயம் இல்லை. தந்தி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பிறகு யோசித்து, ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எழுதிய இன்லேண்ட் லெட்டர் இருக்கிறது என்றார். 'தோளில் ஷெல் பட்டது, பயப்படாதே, வலது கையால்தான் எழுதுகிறேன்' என்று நீல மையில் இருந்தது. மேலே இராணுவத் தபால் அலுவலக முத்திரை, ஜூலை 1999. அதன் நகலோடு மனுவை நேற்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறோம்.