காஸில்: கோட்டையா, அரண்மனையா?

ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரத்தில் 'காஸில் ஸ்டே' என்று வந்தால் 'கோட்டையில் தங்கல்' என்று தமிழாக்கிவிடுகிறோம். பாதிதான் சரி. கோட்டை என்றதும் நம் கண்ணில் நிற்பது செஞ்சி: மதிலுக்குள் படை, களஞ்சியம், கோயில், குளம் எல்லாம். காஸில் என்பது ஒரு பிரபு குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. அந்த ஒரு வீட்டைக் காக்கத்தான் மதிலும் அகழியும்.

வேர் இலத்தீன். 'காஸ்ட்ரம்' என்றால் படைமுகாம். அதன் சிறுமை வடிவம், அதாவது 'சின்ன முகாம்' என்பதுபோன்ற சொல், 'காஸ்டெல்லம்'. மான்செஸ்டர், லங்காஸ்டர் என்ற ஊர்ப்பெயர்களின் வாலிலும் காஸ்ட்ரம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் கட்டடத்தோடு சொல்லையும் பரப்பினார்கள். ஆங்கில எழுத்தில் 'ட்' உண்டு, ஒலியில் இல்லை. ஆகவே 'காஸ்டில்' வேண்டாம். இதே காஸ்டெல்லம்தான் பிரெஞ்சில் 'ஷாத்தோ'. காஸ்ட்ரமோ அரபு வழியே போய், ஸ்பெயினில் 'அல்காசர்' என்று வந்து நின்றது.

முன்பதிவில் ஏமாற்றம் வருவது இந்தப் பெயர்களால்தான். ஷாத்தோ என்றால் கொத்தளம் இருக்கும் என்று நம்பக் கூடாது. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வீடும் ஷாத்தோதான். ஜெர்மன் மொழி இதில் கறார்: அரண் உள்ளது 'புர்க்', ஆடம்பரத்துக்குக் கட்டியது 'ஷ்லோஸ்'. 1869-இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் ஜெர்மனியருக்கு ஷ்லோஸ், ஆங்கிலத்தில் காஸில். ஸ்காட்லாந்தின் பால்மோரல் 1856-இல் முடிந்தது. கோபுரம் உண்டு, முற்றுகையைக் கண்டதில்லை. பெயர் மட்டும் காஸில்.

மதில் உச்சியில் பல்வரிசைபோல மேடும் பள்ளமுமாக இருக்குமே, அதற்குச் சங்க நூல்களில் வரும் 'ஞாயில்' நெருக்கமான சொல். இங்கிலாந்தில் ஞாயில் வைத்துக் கட்ட அரசரின் உரிமம் வாங்குவது வழக்கமாக இருந்தது. காலப்போக்கில் அது பாதுகாப்பைவிட அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது.

சரி, தமிழில் எது? சொல்லைப் பிரித்தால் விடை கையிலேயே இருக்கிறது: அரண் + மனை. காஸிலுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் அமையாது. ஆனால் வழக்கில் அரண்மனை என்பது மன்னர் மாளிகையாகிவிட்டது. இனி மீட்க முடியாது. ஆகவே காஸிலுக்குக் 'கோட்டைமனை', ஷ்லோஸுக்கு 'அரண்மனை' என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே விளம்பரங்களில் வரும் 'கன்ட்ரி ஹவுஸ்' என்பதை 'நாட்டுப்புற வீடு' என்றால் ஓலைக்கூரையும் திண்ணையும்தான் தெரியும். அது பெருநிலக்கிழார் தம் நிலத்தின் நடுவே கட்டிய மாளிகை. பலருக்கு லண்டனில் இன்னொரு வீடும் இருந்தது. 'ஜமீன் மாளிகை' என்றால் நம்மவருக்குச் சட்டென்று புரியும். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரின் ஹார்ட்வெல் ஹவுஸ் நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி நாடிழந்து 1809 முதல் 1814 வரை அங்கேதான் இருந்தார். இன்று அது ஹோட்டல்.

'எஸ்கார்ட்டட் டூர்', அதாவது துணையோடு போகும் குழுப்பயணம், என்பதில் இருவர் வருவார்கள், குழப்ப வேண்டாம். புறப்பாட்டிலிருந்து திரும்பும்வரை கூடவே வருபவர் வழித்துணைவர். ஓரிடத்தில் மட்டும் வந்து விளக்குபவர் வழிகாட்டி. அறை, சாப்பாடு பற்றிய பேச்செல்லாம் வழித்துணைவரிடம்தான். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இரவு உணவு பெரும்பாலும் ஒரே பந்தி, முன்கூட்டியே முடிவான பட்டியல்.

பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் நினைத்த இடத்தில் லிஃப்ட் வைக்க அனுமதி கிடைக்காது. சுழல் படிக்கட்டில் பெரிய பெட்டி திரும்பாது. இரண்டு சிறு பைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சுவர் பருமன் இரண்டு மீட்டரைத் தாண்டும் இடங்களில் அறைக்குள் செல்போன் சிக்னல் எட்டுவதில்லை. ஒரு அறைபோல் இன்னொன்று இருக்காது. தனித்தனியாக இரண்டு கட்டில் போட்ட அறைகள் குறைவு. பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்: படுக்கையறை மூலக் கட்டடத்திலா, ஹோட்டலாக மாற்றிய குதிரை லாயத்திலா?